கரம்

இருபதாம் தேதி, இரவு எட்டு நாற்பது.
செங்குந்தபுரத்தில் எல்லா ஜன்னலிலும்
ஒரே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது:
ஜிஎஸ்டி தளத்தின் நீலச் சக்கரம்.
தறி நின்ற நேரத்தில் கரூர் இதை ஓட்டுகிறது.

பொங்கியண்ணன் நாற்காலி நுனியில்.
"வந்துருமுங்களா?"
ரீஃபண்டைக் கேட்கிறார். ஏழு மாதமாக இதே கேள்வி.
அவர் அனுப்பிய மேஜை விரிப்பில்
ஹாம்பர்க்கில் யாரோ பீரைச் சிந்தி,
துவைத்து, காயவைத்து, மடித்தும் வைத்திருப்பார்கள்.
நூலுக்குக் கட்டிய வரி மட்டும்
இன்னும் ஊர் திரும்பவில்லை.

அதுவரை கூலி கொடுக்க
எதிர்வரிசை ஃபைனான்ஸில் ரெண்டு வட்டிக்கு வாங்கினார்.
ஃபைனான்ஸ் செல்லமுத்துவுக்கும் கணக்கு எழுதுவது நான்தான்.
போன மாதம் மொபைலை நீட்டினார்:
"கவர்மெண்டுக்கே கடன் குடுத்திருக்கறனுங்க.
ரெண்டாயிரத்து அறுவத்தி நாலுலதான் திருப்பித் தருவாங்களாம்.
நான் இருக்க மாட்டனுங்க. கவர்மெண்டு இருக்குமல்ல?"

பழைய சலானின் பின்பக்கம்
அம்புக்குறி போட்டுப் பார்த்தேன்.
பொங்கியண்ணன் பணம் அரசிடம்.
(தாமதத்துக்கு வட்டி உண்டு என்கிறது சட்டம்.
கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.)
அதனால் பொங்கியண்ணன் செல்லமுத்துவிடம்.
செல்லமுத்துவின் வட்டிக்காசு அரசிடம், கடனாக.
அந்தக் கடனுக்கு வட்டி
பொங்கியண்ணன் இன்று கட்டப்போகும் வரியில்.
பேனா புறப்பட்ட இடத்திலேயே வந்து முட்டியது.
தன் காசைத் தானே கடன் வாங்கி
அதற்கு இரண்டு பக்கமும் வட்டி கட்டுகிற மனிதர்
என் எதிரே கொட்டாவி விட்டார்.
காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

பட்ஜெட் அன்று பேக்கரி டிவியில்
வரிக்குறைப்பு என்றதும் யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.
சற்றுப் பொறுத்து, அதே குரல், அதே தொனியில்
இந்த வருடம் வாங்கப்போகும் கடனைப் படித்தது.
அப்போது நாங்கள் டீ ஆற்றிக்கொண்டிருந்தோம்.
கணக்கெழுதுகிறவளுக்குத் தெரியும்,
வரவில் அழித்த எண் அழிவதில்லை.
செலவில் யாராவது அதைச் சாப்பிடாமல் இருக்கவேண்டும்,
இல்லையென்றால் நடந்துபோய்க்
கடன் பத்தியில் உட்கார்ந்துகொள்ளும்,
மாதா மாதம் குட்டி போடும்.
அதற்காக வரியை ஏற்று என்று சொல்லவா?
எதிரே இவர். அவர் சட்டைக் காலரில் இன்னும் நூல் பிசிறு.

வட்டிக்கு வாங்கி அட்டிகை செய்தானாம்,
அட்டிகையை விற்று வட்டி கட்டினானாம்.
என் அட்டிகையும்
செல்லமுத்துவின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது,
சொல்வதற்கென்ன.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குச் சக்கரம் நின்றது.
ஒப்புகை எண் வந்தது.
பொங்கியண்ணன் அதைக் கும்பிட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.

கரம் என்றால் கை.
கரம் என்றால் வரி.
கரூரில் மட்டும் கரம் என்றால்
நொறுக்கிய முறுக்கு, துருவிய பீட்ரூட், மூன்று சட்னி.
தெருமுனை வண்டியில் ராயப்பன் கலக்கிக்கொண்டே சொன்னார்,
"எங்களுக்கெல்லாம் வரி ஏதுங்க்கா."
எண்ணெய் பாக்கெட், கேஸ் சிலிண்டர்,
போன் ரீசார்ஜ், வண்டியின் நான்கு டயர்
எல்லாம் சும்மா இருந்தன.

வண்டி பல்பின் கீழ் அவர் மகள் கனிஷ்காவுக்கு வீட்டுப்பாடம்.
எட்டு வயது.
அறுபத்து நாலில் நாற்பத்தேழு ஆகியிருக்கும்.
கடன் வாங்கிக் கழித்தல்.
ஐம்பத்திரண்டில் எட்டு போகாது;
பக்கத்து ஐந்தைக் கேட்டு ஒன்று வாங்கி,
ஐந்தை அடித்து நான்காக்கி,
நாக்கை மடித்துச் சரியாகத்தான் போட்டாள்.
பிறகு பென்சிலைக் கடித்தபடி,
"அக்கா, வாங்குனத எப்பத் திருப்பிக் குடுக்கோணும்?"

என் வாய் நிறையக் கரம்.
பூண்டுச் சட்னி மூக்கில் ஏறிவிட்டது.
கையைக் காட்டினேன், இரு என்று.
அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.
அதிலும் மேல் எண் சிறியது.