எழுபத்தைந்து வாட்

ஒன்பதாயிரத்து இருநூறு.
அதில் இருநூறு பஸ்ஸுக்கும் டீக்கும்.

பொட்டி, பேங்க் ஒன்று கழித்துப் போட்ட பொட்டி.
பக்கவாட்டில் 'கவுண்டர் 3' சீட்டு இன்னும் உரியவில்லை.
ஒல்லி உடம்பு. நாலாம் தலைமுறை மூளை.
எட்டு ஜிபி ராம். கர்ரென்று இழுக்கும் ஹார்ட் டிஸ்க்.
எதிரி வந்து, சுட்டு, போன பிறகுதான்
சுவருக்கு வண்ணம் வந்து சேரும்.

பாவு சுற்றும் வேலை இல்லாத ராத்திரிகளில்
நூல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கூட்டிக் கழித்துப் பார்ப்பேன்.
எஸ்எஸ்டி போட்டால் சீக்கிரம் திறக்கும்,
சீக்கிரம் திறந்து
அதே பதினெட்டு ஃபிரேமில் சாகலாம்.
ராம் கூட்டினால் திணறல் குறையும், சாவு குறையாது.
கார்டுதான்.

கார்டுக்கோ ஆயிரம் நிபந்தனை.
உயரம் பாதி இருக்கணும், இல்லாவிட்டால் மூடி மூடாது.
தனி ஒயர் கேட்கக் கூடாது, கொடுக்க ஒயரே இல்லை.
திருத்தணிக் கடையில் ஷபியுல்லா
பொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துச் சொன்னார்:
"எழுபத்தஞ்சு வாட்டுக்கு மேல தாங்காது.
அதுக்குள்ள ஒரு கார்டு இருக்கு.
புதுசு உன் காசுக்கு வராது,
பழசு என் கைக்கு வராது."

கீழ்வீட்டில் ஆறு தறி.
காலை ஏழுக்கு ஒன்றாகக் கிளம்பும்போது
என் திரை ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்.
எங்கள் தெருவில் மின்சாரம் முதலில் லுங்கிக்கு.

முனிசேகர் எனக்கு இரண்டு வருஷமாகக் குரல்.
"வெனகால உன்னாடு ரா" என்பான்.
நான் திரும்புவேன், திரை திரும்பாது.
"செத்துட்டேன்" என்பேன்.
"தெலுசு" என்பான்.
அவன் நகரி, நான் பொதட்டூர்பேட்டை,
பஸ்ஸில் முக்கால் மணி.
அவன் குரல் மட்டும் பம்பாய் போய்
ஐம்பத்திரண்டு மில்லிசெகண்டில் வரும்.

ஆடி மாசம் போனில் ஒரு விளம்பரம்.
மஞ்சள் துண்டின்மேல் கார்டு, இரண்டு குட்டி ஃபேன்,
பாதி உயரம், எழுபத்தைந்து வாட், நகரி.
விற்பவர் பெயர் இல்லை.
ஏழாயிரத்து ஐநூறு என்றார்கள்.
மைனிங் ஓட்டினதா, எத்தனை வருஷம், பில் இருக்கா
என்று தட்டித் தட்டியே
ஆறாயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன்.
அன்றைக்கு எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

நகரி பஸ் ஸ்டாண்டு, மூடிய ஜூஸ் கடை வாசல்.
ஹெல்மெட் கழற்றாமலே ஒருவன் கேட்டான்:
"கார்டுக்கு வந்தது நுவ்வேனா?"
அந்தக் குரல்.
இரண்டு பேரும் சிரித்தோம், சத்தமாக,
டிக்கெட் கொடுப்பவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
பிறகு சிரிப்பு நின்றது.
காசை வெளியே எடுத்த இடத்தில் என்று நினைக்கிறேன்.

"அப்ப நீ எதுல ஆடுவ?"
"சூத்தாம்லே" என்று ரோட்டைப் பார்த்தான்.
ஃபேனைப் பல் பிரஷால் தேய்த்துக் கொண்டுவந்திருந்தான்.
பெரிய தகடும் இரண்டு திருகாணியும்
ஒரு மாத்திரைக் கவரில்,
திருப்பதி ஆஸ்பத்திரி முத்திரை போட்டது.
நான் கவரைப் படித்ததை அவன் பார்த்தான்.
ஏழாயிரத்து ஐநூறாக நீட்டினேன்.
எண்ணி எழுநூறைத் திருப்பினான்.
"பேரம் பேரம்தான்."
அந்தச் சொல் அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான்.

மூடி மூடியது.
மிச்சத்தில் இன்னொரு எட்டு ஜிபி.
எஸ்எஸ்டி தீபாவளிக்குப் பார்க்கலாம்.
அறுபத்தோரு ஃபிரேம்: சுவரில் விரிசல்கூட இருக்கிறது,
இத்தனை நாள் தெரியாது.

பதினோரு நாள் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது.
பன்னிரண்டாம் ராத்திரி வந்தான்.
ஆட இல்லை. எங்கோ வராண்டா மாதிரி எதிரொலி,
போனில் என் திரையைப் பார்க்கிறான்.
அவனுக்குப் படம் மூன்று நொடி தாமதம்.

படிக்கட்டில் காலடி கேட்டுத் திரும்பினேன்,
திரையும் கூடவே திரும்பியது.
ஒரே சூடு. விழுந்தான்.

"வெனகால உன்னாடு ரா! வெனகால!"

"எங்க?" என்றேன்.
"எங்க, எங்க?"