இரண்டு நொடி முன்னால்

டுலூத்தில் அன்று மைனஸ் இருபத்தாறு.
மீட்டரைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்து
சூடு ஆறாமல் கொண்டுபோனேன்.
நைகார்ட் வீடு. ஒரே முகவரி,
ஒரே நாளில் இரண்டு புகார்,
இரண்டும் வேறு வேறு குரலில்.

ஹால்வர் மூத்தவர். கதவைப் பாதி திறந்து
"படம் சில்லுச்சில்லாய் உடைகிறது" என்றார்,
"அவன் இழுத்துக்கொள்கிறான்."
அவன் என்றபோது சுவரைக் காட்டினார்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரோல்ஃப்
அதே சுவரைக் காட்டினார்:
"அவர் எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு."

ஹால்வரின் திரை அறுபத்தைந்து அங்குலம்.
கூர்மை என்ற அளவை நூறுக்கு ஏற்றியிருந்தார்.
பனிக்கட்டியில் ஓடும் ஒவ்வொருவனைச் சுற்றியும்
பேனாவால் வரைந்ததுபோல் வெள்ளைக் கோடு.
பத்துக்கு இறக்கினேன்.
"மங்கலாயிற்றே" என்றார்.
அரைமணி பாருங்கள், கண் பழகட்டும் என்றேன்.
இல்லாத விளிம்பைக் கேட்டால்
பெட்டி பொய்தான் வரைந்து தரும்.

ரோல்ஃபின் கதை வேறு.
மூன்று வருடமாக ஆறாம் சேனலிலேயே பார்த்திருக்கிறார்.
அதே சேனலின் தெளிவான பிறவி
எண்ணூற்று ஆறில் இருப்பதை யாரும் சொல்லவில்லை.
பழைய சதுரப் படத்தைப்
பக்கவாட்டில் இழுத்துப் பரப்பியதில்
ஆட்டக்காரர்கள் எல்லாம் பீப்பாய்.
"நன்றாய்ச் சாப்பிடுகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!"

பிறகு நிலவறை.
தங்க முலாம் பூசிய ஸ்ப்ளிட்டர், நாலு வாய்.
ஒவ்வொரு பிரிப்பிலும் பாதிக்குமேல் போய்விடும்;
பங்கு பிரிக்கப் பிரிக்க
பங்காளி இருவருக்கும் குறைவுதான்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை. மீட்டர் சொல்லட்டும்.

ஒரு வாய் ஹால்வருக்கு, ஒன்று ரோல்ஃபுக்கு,
ஒன்று மோடத்துக்கு.
நாலாவது?
"அவன் போட்டது" என்றது மாடிப்படி.
"அவர் போட்டது" என்றது இன்னொரு மாடிப்படி.

கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.
துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால்,
விறகுக்கு அடியில், சுவரைத் துளைத்து
கராஜுக்குள். தார்ப்பாய் போர்த்திய படகு,
ஒரு பக்கம் மட்டும் தேய்த்து மெருகேற்றியது.
அதன் தலைமாட்டில் வெறும் ஆணி,
இரண்டு ஸ்டூல்,
திறந்த வாயோடு தொங்கும் கம்பி.

மூடாத முனை சும்மா இருக்காது.
வந்த அலையைத் திருப்பியடிக்கும்,
ஊர் இரைச்சலையும் வீட்டுக்குள் கூட்டிவரும்.
நாலாவதைக் கழற்றினேன். நாலு வாய்க்குப் பதில்
மூன்று வாய்ப் பெட்டி வைத்தேன்.
பழைய கனெக்டர்களையும் வெட்டி எறிந்தேன்.
குளிரில் செம்புக் கம்பி
நத்தை கொம்பை இழுப்பதுபோல்
உள்ளே சுருங்கிக்கொள்கிறது;
அதனால்தான் இரவில் மட்டும் படம் உடைந்திருக்கிறது.
கராஜ் முனைக்குச் சுண்டுவிரல் நுனியளவு மூடி.
தேவையில்லைதான். ஆனாலும் போட்டேன்.

இரண்டு அறையிலும் இப்போது ஒரே அளவு.
இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு
தனித்தனியாகக் காட்டினேன்.
இருவரும் மீட்டரைச் சந்தேகப்பட்டார்கள்.

கையெழுத்து வாங்கும்போது மூன்றாம் பாதி ஆட்டம்.
ஹால்வரின் திரையில்
வட்டு இன்னும் நடுக்களத்தில்.
சுவருக்குள்ளிருந்து ரோல்ஃப் கத்தினார்: "விழுந்தது!"
ஒன்று, இரண்டு.
பிறகுதான் இங்கே வலை அசைந்தது.

புதுப் பெட்டி கணக்குப் போட்டுக் காட்டும், அதனால் தாமதம்;
அவருடையது பழசு என்றேன்.
ஹால்வர் என் பையைப் பார்த்தார்.
"இதற்கு என்ன வைத்திருக்கிறாய், மார்லிஸ்?"
ஒன்றுமில்லை.
இருவரும் ஒரே பெட்டியில் பார்த்தால் சரியாகும்
என்று தொழில்முறையாகச் சொல்லிவைத்தேன்.
அவர் ரிமோட்டால் ஒலியை அணைத்தார்.

வண்டி சூடேறும்வரை
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு
காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.
திரையில் வட்டு எங்கோ கிடந்தது.
அவர் கை அதற்குள் உயர்ந்துவிட்டது.