இல்லாத விரல்

பெய்ரா கடற்கரையில்
பகலெல்லாம் மீன் நிறுக்கும் தகரக் கொட்டகை
இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம்.
செதில் ஒட்டிய பலகைமேல் நோட்டை விரித்தால்
வகுத்தல் குறியிலும் மகும்பா மீன் வாடை.

வகுக்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள்.
ஆறு பேர், ஒரு கூடை.
உனக்கொன்று, உனக்கொன்று, எனக்கொன்று என்று
சுற்றிச் சுற்றிப் போட்டு வந்தால்
கூடை காலியாகும்போது கணக்கும் முடிந்துவிடும்.
காசைத்தான் அப்படிப் போட முடியாது.
வியாபாரி கூரையைப் பார்த்துக்கொண்டு
ஒரு எண் சொல்வார்.
அதை வாங்கி முடிந்துகொண்டு வருவோம்.

வாத்தியார் நெர்சியோ
ஸுல்மிராவின் கடைசி மகனைவிடச் சின்னவன்.
"ஒரு சுற்றுப் போட்டால் எத்தனை மீன் போகும்?"
ஆறு.
"பிறகு ஏன் ஒன்று ஒன்றாக நடக்கிறீர்கள்?
ஆறு ஆறாகத் தாண்டுங்கள்.
தாண்டலுக்கு ஒரு விரல்."

நாற்பத்திரண்டு மீன்.
ஆறு
பன்னிரண்டு
பதினெட்டு
என்று கொட்டகை அதிர அதிர
உப்பில் வெடித்த விரல்கள் எழுந்தன.
நாற்பத்திரண்டில் நின்றோம்.
ஏழு என்றார்கள், நான்கு பேர்.

எனக்கு ஆறுதான் வந்தது.
ஆறு என்று சொன்னபோது என் கை மூடியிருந்தது.
பன்னிரண்டுக்குத்தான் முதல் விரலை விட்டேன்.
கிளம்பும் இடத்துக்கும் ஒரு எண் வேண்டாமா?
"கிளம்பும் இடம் பூஜ்யம், தோனா ஃபெலிஸார்தா.
ஆறு என்று சொல்லும்போதே
நீங்கள் ஒரு தடவை தாண்டியாயிற்று."

முதல் சுற்றைப் போட்டுவிட்டு
போடவில்லை என்று நினைத்திருக்கிறேன்.
எத்தனை வருஷமாக இப்படி என்று
அன்று இரவு படுக்கையில் எண்ணப் பார்த்தேன்.
தூங்கிவிட்டேன்.

அர்மின்டாவுக்கு எட்டு.
இது எப்படி என்று வாத்தியாருக்கே புரியவில்லை.
திரும்ப எண்ணச் சொன்னான், திரும்பவும் எட்டு.
இடக்கையை முழுதாக விரித்து "இது ஐந்து" என்றாள்,
வலக்கையில் மூன்று.
அந்த இடக்கையில் மோதிர விரல் இல்லை.
வலைக்கயிறு கொண்டுபோய்ப் பதினோரு வருஷம்.
"இல்லாத விரலை எண்ணாதேடி!" என்று ஸுல்மிரா கத்த
முதலில் சிரித்தது அர்மின்டாதான்.
சிரித்துவிட்டு அந்தக் குழியைக் கொஞ்ச நேரம்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு நாற்பத்தைந்து கொடுத்தான்.
ஏழு தாண்டலுக்குப் பின் நின்றோம்.
எட்டாவதுக்குக் கால் எட்டவில்லை.
"மீதி மூன்று. பக்கத்தில் எழுதுங்கள்."
எழுதினோம்.
"எழுதிவிட்டு?" என்றாள் ஸுல்மிரா.
"எழுதிவிட்டு... அவ்வளவுதான்."

அவளுக்கு அது அவ்வளவுதான் இல்லை.
பகல் கூடையில் நிஜமாகவே மூன்று கிடந்தன.
அடுப்பு மூட்டி எண்ணெய் காய்வதற்குள்
வாத்தியாரையும் சேர்த்து ஏழு பேர்.
மூன்றை ஏழால் எப்படி என்று
கரும்பலகைப் பக்கம் திரும்பி
அவன் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தான்.

நாங்கள் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தோம்.