ஆறு விநாடி

இரவு ஒன்று இருபது.
விளாச்சேரி ஃபீடரில் வோல்டேஜ் இப்போதுதான்
இருநூற்று முப்பதில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
பகலில் அளந்தால் பக்கத்து ஆய்வகத்து ஏசி
எங்கள் எண்களுக்குள் மூச்சு விடும்.
எங்களுக்கு ஏசி ஒதுக்கவில்லை. ஜன்னல் உண்டு.

சிப்பு தன் கணக்கைத் தானே சொல்கிறது.
சுவரில் மொக்கராசு அண்ணன் மாட்டிக்கொடுத்த மீட்டர்
வேறொன்று சொல்கிறது.
நடுவே நாற்பத்தேழு வாட்:
விசிறி, நினைவகம், பவர் சப்ளையின் சூடு,
அப்புறம் யாரும் பொறுப்பேற்காத கொஞ்சம்.
"சிப்பு சொல்றது சம்பளச் சீட்டு,
சுவரு சொல்றதுதான் வீட்டுச் செலவு" என்கிறாள் ஃபிர்தவ்ஸ்.
சுவர் எண்ணையே எழுதுகிறோம்.

வைகை மணலுக்குள் தண்ணீர் இறங்குவதைக் கணக்கிடும் நிரல்.
ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டத்திடம்
உன்னிடம் எவ்வளவு ஈரம் என்று கேட்டபடி இருக்கும்.
ஒரே ஒரு கோர் ஓடியபோது
நாற்பத்தொரு நிமிடம்.
முப்பத்திரண்டுக்கு நூற்றுப் பதினெட்டு விநாடி.
ஃபிர்தவ்ஸ் மேசையைத் தட்டினாள்.
அறுபத்து நான்கையும் அவிழ்த்துவிட்டோம்.
நூற்றுப் பன்னிரண்டு.

ஆறு விநாடி.
அதற்கு ஏறியது எண்பத்தொன்பது வாட்.
ஜூலில் பார்த்தால்
ஒரு மடக்கு டீக்குத் தண்ணீர் கொதிக்கும், அவ்வளவுதான்.
நாள் முழுக்க ஓடினால் டீக்கடையே வைக்கலாம்.

திரையில் அறுபத்து நான்கு பட்டைகளும்
நூறு சதவீதத்தில் பச்சையாய் நின்றன.
எல்லாரும் வேலை பார்க்கிறார்கள் என்று
எந்த மேனேஜரும் நம்பிவிடுவார்.

பசி. ஸ்கூட்டியை எடுத்தோம்.
காளவாசலில் ஒரு கடை திறந்திருந்தது.
ஒரே கல். அதைச் சுற்றி மூன்று மாஸ்டர்.
ஒருவர் புரட்ட, ஒருவர் அடுக்கித் தட்ட,
மூன்றாமவர் வீசிய மாவைக் கையிலேயே ஏந்தி
இடம் விழுமா இடம் விழுமா என்று
கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் பனியனும் நனைந்துதான் இருந்தது,
மற்ற இருவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

சால்னா ஆறிப்போக,
பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
காத்திருப்பும் எரிகிறது.
பூட்டுத் திறந்ததா, திறந்ததா என்று
சும்மா சுற்றிச் சுற்றிக் கேட்பதையும்
இயந்திரம் வேலை என்றே குறித்துக்கொள்கிறது.

திரும்பி வந்து
காத்திருக்கும் கோர்களைத் தூங்கச் சொல்லிப் பார்த்தோம்.
தூங்கின.
எழுப்பத்தான் நேரமானது. நூற்று இருபத்தாறு.
"முப்பத்திரண்டே போதும்டி" என்றாள் கொட்டாவியோடு.
அவளுக்காகவா நிரலுக்காகவா, தெரியவில்லை.

மூன்று பத்துக்கு நாகமலைப் பக்கமிருந்து மழை.
ஜன்னலை மூட எழுந்தவள் அப்படியே நின்றேன்.
மீட்டரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.
அதே நிரல், அதே முப்பத்திரண்டு,
ஏழு வாட் குறைவு.
வெக்கை தணிந்தால் சிலிக்கனில் கசிவும் குறையும்,
மூன்றாம் செமஸ்டரில் படித்ததுதான்.
அன்றைக்கு அதில்
தகரக் கூரையின் சத்தம் இல்லை.

சூழல் மாறிவிட்டது, இந்த ஓட்டத்தை அழித்துவிடு என்றாள்.
சரிதான்.
ஆனாலும் கோர், விநாடி, வாட், ஜூல்
என்ற நான்கு தலைப்புகளுக்கு அடுத்து
ஐந்தாவதாக ஒன்று திறந்து
'மழை' என்று பெயரிட்டேன்.
மேலே நாற்பது வரிசைக்கும் 'இல்லை'.
கடைசிக்கு 'ஆம்'.

ஜன்னலை மூடவில்லை.
நிரலுக்குள் தண்ணீர் இன்னும்
இரண்டாவது மீட்டர் மணலைத் தாண்டவில்லை.