ஏறக்குறைய

பெட்டி வந்தது மாசியில்.
நாகர்கோவில் பார்சல் ஆபீசில்
“உள்ளே என்ன, கதவா?” என்றார்கள்.
இறக்கை ஏழரை அடி, இரண்டாகப் பிரித்தது.
பஞ்சுக் கனத்துக் கட்டைமேல்
சிவப்பும் வெள்ளையுமாகத் தோல் இழுத்து,
அட்டையில் அச்சடித்திருந்தது:
ஏறக்குறையப் பறக்கத் தயார்.

அந்த ஏறக்குறையவில்தான்
எங்கள் நான்கு மாதம் போயிற்று.

இதைவிட அழகானது ஒன்று பார்த்தோம்.
வால் கனம் என்றான் டிக்சன்.
இன்னொன்று அவன் மச்சானின் குட்டியானையில்
குறுக்கே வைத்தாலும் அடங்காது.
டேப் பிடித்து அளந்துவிட்டுத்தான்
பணம் அனுப்பினோம், ஆளுக்குப் பாதி.
மூக்கில் எதை மாட்டுவது என்பதைப்
பிறகு பேசலாம் என்று விட்டதுதான் தப்பு.

சகாய டிக்சன் குளச்சலில்
வள்ளத்து எஞ்சின் பிரிக்கிறவன்.
ஐம்பத்தைந்து சிசி பெட்ரோல், ஆயில் கலந்து,
உதைத்தால் எழுந்து ஊரைக் கூட்ட வேண்டும் அவனுக்கு.
நான் ஆரல்வாய்மொழி துணைமின் நிலையத்தில்
காற்றாலைக் கரண்டை மணிக்கு மணி எழுதுகிறவள்.
எனக்குப் பன்னிரண்டு செல் பேட்டரி,
கையில் பிசுக்கு ஒட்டாத மோட்டார்.
“சத்தம் போடாத எஞ்சினை
நம்பப் பிடாது, கேட்டியா மெட்டில்டா.”

மீன் தராசில் நிறுத்தோம்.
எஞ்சின், சைலன்சர், டேங்க், அதில் நிறையப் பெட்ரோல் ஒரு தட்டு;
மோட்டார், பேட்டரி மறு தட்டு.
முள் நடுவில் நின்று
இரண்டு பேரையும் பார்த்தது.
தராசு கொடுத்த கிரேசம்மாள்
“விலை என்னா?” என்று கேட்டாள், சொல்லவில்லை.

கடைசியில் ஐந்து ரூபாய் சுண்டினோம்.
தலை விழுந்தது, எனக்கு.
காற்று புரட்டிவிட்டது என்று
இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

வெயிலில் தோல் சுருங்கிச் சுருக்கம் விழ,
என் சுடிதார் தேய்க்கிற பெட்டியால்
பதமாய் இழுத்தவன் அவன்தான்.
எடைமையம் பார்க்க
இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி
மூச்சடக்கி நின்றவனும் அவன்தான்.
ஏழே முக்கால் கிலோ.
பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளச் சொன்னான்.

எல்லாம் முடிந்தபோது ஆனி.
கணவாய் வாயைத் திறந்துவிட்டது.
முப்பந்தலில் நிற்கிறவன்
தன் வேட்டியைப் பிடிப்பானா விமானத்தைப் பிடிப்பானா?
மூன்று வாரம்
கட்டிலுக்கு மேல் கிடந்தது, நான் கீழே பாய் விரித்தேன்.

ஒரு இரவுப் பணி.
ஒரு மணிக்கு நூற்றெண்பது மெகாவாட் என்று எழுதினேன்.
மூன்றுக்கு நூற்றுப்பத்து.
நாலரைக்கு நாற்பது.
கண்ட்ரோல் ரூமிலிருந்து கவலையாகக் கேட்டார்கள்.
“குறையுது சார்” என்று
குரலில் சிரிப்பு வராமல் சொல்லிவிட்டு
டிக்சனைக் கூப்பிட்டேன்:
“ஒன்பதுக்கு வந்தாச்சு. வண்டியை எடு.”

ஆறு மணிக்கு அபிஷா கையெழுத்துப் போட்டதும் ஓடினேன்.
குளத்தின் காய்ந்த கரைப்பக்கம்,
நெருஞ்சி பொறுக்கிப் பெருக்கின நாற்பதடி.
ஓடுவதற்குள் எழும்பிவிட்டது.
இரண்டு உருளல், ஒரு கவிழ்ப்பு,
பிறகு மூக்கை வானுக்கு நிமிர்த்தி
இழுவிசையைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.
பாதிக்குக் கொஞ்சம் கீழே, குச்சி என் கட்டைவிரலில் நிற்க,
அதுவும் நின்றது.
ஏறவில்லை, விழவில்லை,
தன் எடையைத் தானே சுமந்து
ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு.

அதன் பின்னால் மலை ஓரம் வரைக்கும்
அத்தனை காற்றாலையும் அசையாமல்.
நேற்றைய காற்றில் ஒரு பிடி
பேட்டரிக்குள் மிச்சம் இருந்தது.
ஆரல்வாய்மொழியில் அந்த நேரம்
சுற்றியது இது ஒன்றுதான்.

“சத்தம் பத்தாது” என்றான் டிக்சன்,
கண்ணை எடுக்காமல்.
ஆறாவது நிமிடம் கடிகாரம் கத்தியது.
இறக்கும்போது என் சட்டைக் காலர்
லேசாக ஒரு தடவை அசைந்தது.