மேல் கட்டில், ஆறாம் எண்

கம்பெனி கொடுத்த படிக்காசு
நல்ல ஓட்டலுக்கே காணும்.
மிச்சம் பிடித்தால் மகளுக்கு லேப்டாப் என்று
டர்பனில், ஃப்ளோரிடா சாலைக்குப் பின்புறம்,
எட்டுப் பேர் தூங்கும் அறையில்
ஒரு கட்டில் பிடித்தேன்.
கோயம்புத்தூர் பம்ப் விற்க வந்தவன்.
மேல் கட்டில், ஆறாம் எண்.

ஏணிக்கு மூன்று படி. இரண்டாவது ஆடும்.
நாற்பத்தாறு வயதில்
நடுராத்திரி மூத்திரத்துக்கு இறங்குவது
தனியாக ஒரு உத்தியோகம்.

கீழே ஹராரேக்காரர் டென்டாய்.
டயர் வாங்க வந்தவர்,
குறட்டையிலும் பேரம் பேசுகிறார்.
எதிரே ஜெர்மன்காரன் யோர்க்.
அவன் ஊர் விடுதியில்
படுக்கை விரிப்புக்குத் தனிக் காசாம்.
இங்கே சும்மா கிடைக்கிறதென்று
மூன்றைப் போர்த்திக்கொண்டு
வியர்த்துக் கிடக்கிறான்.

வரவேற்பு மேசையில் இருந்தவள்
சட்டையில் குத்தியிருந்த பெயர் கோகி.
பூட்டுக்கு ஐம்பது ராண்ட் முன்பணம் என்றாள்.
ஆறிலிருந்து எட்டரை வரை கரண்ட் இருக்காது,
ஜன்னலைத் திறந்தால் குரங்கு வரும் என்றாள்.
பாஸ்போர்ட்டில் என் பெயர்,
தெய்வசிகாமணி,
அதன்மேல் விரல் வைத்தாள், எடுத்தாள்,
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.
அவ்வளவுதான்.

சமையலறையில் எல்லாருக்குமாக ஒரு ஃப்ரிட்ஜ்.
டப்பாவுக்கு டப்பா ஒரு பெயர், ஒரு தேதி,
சிலதில் மிரட்டல்.
இங்கே அமாசி என்று விற்கிற தயிர் வாங்கியிருந்தேன்.
ஆங்கிலத்தில் எழுதினால் யார் மதிக்கிறார்கள்.
டேப் ஒட்டித் தமிழில் எழுதினேன்:
தயிர். தொடாதே.
புரியாத எழுத்துக்கு
ஏதோ தகடு, மந்திரம் என்று ஒதுங்குவார்கள்.

அன்று மின்சாரம் போனபோது
எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம்,
ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தில்.
டென்டாய் வேர்க்கடலை நீட்டினார்.
யோர்க் என் கேட்லாக்கை வாங்கிப்
பக்கம் பக்கமாகப் பார்த்தான்.
கண்காட்சியில் இரண்டு நாளாய்
அதை யாரும் அத்தனை நேரம் புரட்டவில்லை.
ஒன்றரை எச்.பி. மோட்டாரைத் தொட்டு
அழகாயிருக்கிறது என்றான்.
வாங்கப்போகிறவன் இல்லை.
இருந்தும் விலை சொன்னேன்.

விடியலில் ஹடீடாப் பறவை
தகரம் கிழிகிற குரலில் கூரைமேல் கத்தியது.
எழுந்து போனேன். தயிரில் பாதி இல்லை.
டேப்பில், என் எழுத்துக்குக் கீழே,
கோணல்மாணலாய்,
புள்ளி ஒன்று இடம் மாறி:
தொட்டேன்.

டப்பாவைப் பிடித்தபடி நின்றேன்.
டென்டாய் பல் துலக்குகிறார்.
யோர்க் காலுறை தேடுகிறான்.
குரங்கு என்றுகூட ஒரு கணம்,
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன்.

ராத்திரி வேலை முடித்து
கோகி பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.
சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைதோறும்,
ஏழு வருஷம், என்றாள் ஆங்கிலத்தில்.
வாசிப்பேன், எழுதுவேன்,
என்ன சொல்கிறதென்றுதான் தெரியாது.
தயிர் தெரியும், சாப்பிடுகிறோம்.
தொடாதே அதைவிட நன்றாகத் தெரியும்,
அம்மா அதை மட்டும் தமிழில் சொல்வாள்.
அதற்குப் பதில் எப்படி என்று
ஒரு மணிக்கு அத்தையை எழுப்பிக் கேட்டேன்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
முப்பத்திரண்டு ராண்ட் தயிர்.
புள்ளி தப்பு என்றேன்.
எங்கே, என்று பேனாவை நீட்டினாள்.
வேன் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டாள்.
பேனா என் கையில்.

கிளம்புகிற காலை, மேசையில் வேறொருவன்.
ஐம்பது ராண்டை எண்ணித் தந்தான்.
ஃப்ரிட்ஜில் புது டப்பா ஒன்று வைத்திருந்தேன்,
மேலே டேப், டேப்பின்மேல் பேனா.
எதுவும் எழுதவில்லை.
எழுதுகிறவள் எழுதிக்கொள்ளட்டும்.

விமானம் ஏறிய பிறகுதான் உறைத்தது,
ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாய் ஒட்டியிருந்தது:
பெயரில்லாதவை எல்லாம்
வெள்ளிக்கிழமை குப்பைக்கு.
அன்று வியாழன்.