பூஜ்யம்

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
வளைவில் லாரி குலுங்கியபோது
கூண்டிலிருந்து விழுந்த வான்கோழி.
டிரைவர் நிறுத்தவில்லை.
கிறிஸ்துமசுக்கு நான்கு நாள்,
அவனுக்குத் திருச்சூர் போகணும்.

இரவு ஷிப்டில் நான்.
எடைச்சீட்டு அடிக்கும் அறையில்
ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் படுக்கவைத்தேன்.
இடதுகால் தனியாகத் தொங்கியது
வேறு யாருடையதோ போல.

"ரெண்டு நாள். பின்னே சாகும்" என்றபடியே
மிருகாஸ்பத்திரி சசீந்திரன்
என் மகனின் ஸ்கேலை உடைத்துக் கட்டுப்போட்டார்.
காசு வாங்கவில்லை.
"கறி வைக்கும்போது விளிக்கணும்."

உரச்சாக்கில் இரண்டு ஓட்டை,
கவிழ்த்த ஸ்டூலின் நான்கு கால்களில் தொட்டில்.
தரையைத் தொட்டும் தொடாமலும் நகங்கள்.
இங்க் ஃபில்லரில் வெல்லத்தண்ணீர்.
ஐந்தாம் நாள் என் கையைக் கொத்தியது. ரத்தம்.
அவ்வளவு சந்தோஷமாக
நான் யாரையும் திட்டியதில்லை.

வெளிறிக் கிடந்த தலை நீலமானது.
ஏர்ஹாரன் கேட்டால் சிவப்பு.
போகிற ஒவ்வொரு லாரிக்கும்
களகளவென்று பதில் சொல்லும்,
தள்ளிவிட்டுப் போனதற்கும் சேர்த்து.

மாசியில் கட்டை அவிழ்த்தோம்.
கோணல் கால்தான். நடக்கிறது.
கறிக்கடை உம்மர் வந்து
"எட்டு கிலோ வரும், என்ன விலை?" என்றான்.
நிறுத்தே பார்த்துவிடு என்றேன்.

அறுபது டன் மேடையின் நடுவே
நொண்டி நொண்டிப் போய் நின்று
வாலை விரித்தது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மெஷினுக்குக் கண் தெரியாது.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
சீட்டு அடித்து உம்மரிடம் கொடுத்தேன்.

அதற்குள் ஜல்லி ஏற்றிய டாரஸ் ஒன்று
மேடையைக் காலி செய்யச் சொல்லி
ஹாரன் அடித்தது.
பதில் சொன்னது.
நகரவில்லை.